வீட்டுக்குள்ளே: இரவில் குளிக்கிற வீடும் ஷவர் பம்பும்



சென்ற முறை சுவரில் பிடிக்கிற கறுப்புப் பூஞ்சணம் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் சிலர் ரெலிபோன் எடுத்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, "தம்பி, பூஞ்சணம் கிடக்கட்டும். எங்கடை வீட்டிலை ஆராவது குளிக்கப் போனால் மா அரைக்கிற மில் ஓடுற மாதிரிச் சத்தம். பக்கத்து வீட்டுச் சனம் என்ன நினைக்குதோ தெரியேல்லை. அதைப் பற்றி ஒருக்கா எழுதுங்கோவன்" என்றார். கேட்டவுடன் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா குறை விளங்கக் கூடாது. அந்த மில் எங்கள் வீட்டிலும் ஓடியது. அதனால் ஒரு மார்கழி மாதம் முழுக்க நாங்கள் நித்திரை இல்லாமல் கிடந்தோம்.

முதலில் அந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறோம். புதிதாக வந்தவர்களில் பலர் அது தங்கள் வீட்டில் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். இந்த நாட்டின் பழைய வீடுகளில் கூரைக்குள் ஒரு பச்சைத் தண்ணீர்த் தாங்கி இருக்கும். மேல்மாடியில் ஒரு அலுமாரிக்குள் சுடுதண்ணீர்ச் சிலிண்டர் நிற்கும். தாங்கியிலிருந்து தண்ணீர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கி சிலிண்டருக்கும் குளியலறைக்கும் வரும். ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிடைக்கிற அழுத்தம் 0.1 பார் மட்டும்தான். கூரைத் தாங்கிக்கும் ஷவர் தலைக்கும் இடையில் ஒரு மீற்றரோ ஒன்றரை மீற்றரோதான் இருக்கும். ஆகவே தண்ணீர் பூவாளியில் வடிகிற மாதிரி வடியும். அதைத் தள்ளி விடுவதற்காகச் சிலிண்டரின் காலடியில் ஒரு சின்னப் பம்பைப் பூட்டியிருப்பார்கள். நடுவில் மோட்டர், இரண்டு பக்கமும் சின்னச் சில்லு. ஒரு பக்கத்தால் சுடுதண்ணீர், மற்றப் பக்கத்தால் பச்சைத் தண்ணீர். நீங்கள் ஷவரைத் திறந்ததும் தண்ணீர் அசைவதை உணர்ந்து அது தானாகவே ஓடத் தொடங்கும். வழக்கமான மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2800 தடவை சுற்றும். பலகைத் தரையும் சேர்ந்து ஒட்டிய சுவரும் உள்ள வீட்டில் அது என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எங்கள் கதை.

நாங்கள் மேற்கு லண்டனில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடொன்றில் மேல்மாடி கீழ்மாடியோடு வாடகைக்கு இருக்கிறோம். வேலை, சமோசாவும் ரோல்ஸும் பொரித்துப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி இரவு இரண்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு வர இரண்டரை ஆகும். வெங்காயமும் பழைய எண்ணெயும் சேர்ந்த மணம் உடுப்பைக் கழற்றினாலும் போகாது, தலைமயிருக்குள் நிற்கும். வீட்டில் அப்போது ஆறு மாதப் பிள்ளை. அந்த மணத்தோடு பிள்ளைக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க ஏலுமா? ஆகவே வந்தவுடன் குளியல்தான்.

2022 ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு காலை, கதவு ஓட்டையால் ஒரு துண்டுக் கடதாசி விழுந்து கிடந்தது. மேலே "பிளீஸ்" என்று ஒரு சொல். அதன் கீழே நேரங்கள் மட்டும். 2.40, 2.35, 2.50, 2.40 என்று ஒன்பது இரவு. வேறு ஒரு வசனமும் இல்லை. ஏச்சாவது எழுதியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஒருவர் ஒன்பது இரவு எழும்பி இருந்து மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எங்களைப் பிடித்து உலுப்பியது.

அதோடு பயமும் வந்தது. 2017 கடைசியில் கிடைத்த ஐந்து வருட விசா முடிந்து, நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. அயலட்டையில் ஒரு முறைப்பாடு எழுந்தால் அது எங்கே போய் முடியுமோ என்று யோசித்தோம். ஊரில் ஒரு பேப்பர் துண்டில் பெயர் வந்தாலே என்ன நடக்கும் என்று கண்டவர்கள் நாங்கள். அந்தப் பயம் கப்பலேறியும் விட்டுப் போகாது. மனைவி சொன்னார், "இஞ்சாருங்கோ, இனி அந்தச் ஷவரைத் தொட வேண்டாம். வாளியிலை குளியுங்கோ. ஊரிலை வாளியிலைதானே குளிச்சனீங்கள்?" சரியென்று ஒரு கிழமை வாளியும் கோப்பையுமாகக் குளித்தோம். ஊரில் வெயிலில் நின்று கிணற்றடியில் குளித்தது வேறு, மார்கழியில் இரவு இரண்டரைக்கு வெடவெடக்கிற குளியலறையில் குந்தியிருந்து குளிப்பது வேறு. எட்டாம் நாள் காய்ச்சல்.

பிறகு ஒரு புத்தி வந்தது, மடப் புத்திதான். பம்பைச் சுற்றிப் பழைய போர்வை இரண்டால் இறுக்கிக் கட்டினோம். எங்கள் அறையில் சத்தம் குறைந்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை மனைவி தலைக்குச் சம்பூ போட்டுக்கொண்டு நிற்கப் பம்பு நின்று போனது. மோட்டருக்குக் காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி, தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. அப்படி நிறுத்துகிற பாதுகாப்பு உள்ளே இருந்தபடியால் தப்பினோம். ஆகவே வாசகர்களே, பம்பைப் போர்வையால் சுற்றாதீர்கள். அதைப் பெட்டிக்குள் வைத்து அடைக்கவும் வேண்டாம். அதன் மேல் துவாய், உடுப்பு அடுக்கவும் வேண்டாம்.

அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தும், வெறுங்கையோடு போவதா, ஏதாவது கொண்டுபோவதா என்று யோசித்தே இரண்டு நாள் போனது. கடைசியில் வெறுங்கையோடுதான் போனோம். கதவைத் திறந்தவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர். எங்கள் ஆங்கிலம் பதினோராம் வகுப்போடு நின்ற ஆங்கிலம். கடதாசியைக் காட்டி, பம்பு, இரவு வேலை, சொறி என்று நாலு சொல் சொன்னோம். அவர் உள்ளே வரச் சொன்னார். பஸ் ஓட்டியவராம், விடியப்புற வேலைக்கு இருபது வருடத்துக்கு மேலாகப் போனவராம். "உங்களைக் குளிக்க வேண்டாமென்று நான் எழுதவில்லை" என்றார். பிறகு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கட்டிலைக் காட்டினார். கட்டில் தலைமாடு இருக்கிற சுவருக்கு மறுபக்கம் எங்கள் சிலிண்டர் அலுமாரி.

மனைவிக்கு ரெலிபோன் எடுத்து, ஷவரைத் திறக்கச் சொன்னோம். அங்கே நின்று கேட்டபோதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் கேட்கிற மில் சத்தம் அங்கே இல்லை. சுவர் முழுக்க ஒரு முனகல். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஷவரைப் பூட்டியதும் சுவருக்குள் டக், டக் என்று இரண்டு அடி. நாங்கள் அங்கே நின்றபடி ஒன்றும் பேசவில்லை. என்னத்தைப் பேசுவது?

ஆனால் அதில் ஒரு பெரிய விசயம் பிடிபட்டது. அயலவரை எழுப்பியது காற்றால் வருகிற சத்தம் அல்ல, பலகையாலும் குழாயாலும் சுவராலும் ஓடிப் போகிற அதிர்வு. போர்வை கட்டுவதால் இதற்கு ஒன்றும் நடக்காது. பம்பு எதையெதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தொடுகையை வெட்ட வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் ரெலிபோனில் கேட்டு ஓம் வாங்கிய பிறகு, தெரிந்த ஒரு பிளம்பர் அண்ணையைச் சனிக்கிழமை வரவழைத்தோம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் ஷவரைத் திறந்து விட்டுக் கையை வைத்துப் பார்த்தார். பம்பின் மேல் கை, தரைப் பலகையில் கை, குழாயில் கை, கடைசியாகச் சுவரில் கை. "தம்பி, நீங்களும் வைச்சுப் பாருங்கோ. எங்கை கூடுதலாய் நடுங்குதோ அங்கைதான் வருத்தம்" என்றார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரித்தான்.

எங்கள் வீட்டில் வருத்தம் மூன்று இடத்தில் இருந்தது. பம்பின் நாலு காலையும் நாலு ஸ்குரு ஆணியால் தரைப் பலகையோடு இறுக்கி முடுக்கியிருந்தார்கள். கால்களில் றப்பர் இருக்கிறது, ஆனால் ஆணி இறுகியதால் அந்த றப்பர் நசிந்து கல்லாகிப் போயிருந்தது. கீழே வெறும் இடமுள்ள பலகைத் தரை மேளம் மாதிரி. அதில் மோட்டரை இறுக்கினால் அடிக்கத்தானே செய்யும். அண்ணை ஆணிகளைக் கழற்றினார். முற்றத்தில் பதிக்கிற சீமெந்துக் கல் ஒன்று வாங்கி வரச் சொன்னார். 45 சென்றிமீற்றர் சதுரமான கல், பதினைந்து கிலோவுக்கு மேல் பாரம். பஸ்ஸில் கொண்டுவந்த கதையை இன்னொரு முறை சொல்கிறோம். தரையில் தடித்த றப்பர் விரிப்பு, அதன் மேல் கல், கல்லின் மேல் பம்பு, ஆணி இல்லாமல், தன் றப்பர்க் காலிலேயே. பாரமான கல்லை மோட்டரால் லேசில் ஆட்ட முடியாது. மிஞ்சுகிற ஆட்டத்தை றப்பர் விழுங்கிவிடும். அலுமாரிக் கதவால் கல் உள்ளே போகுமா என்று முதலே அளந்து பாருங்கள். நாங்கள் அளக்காமல் வாங்கி, சரித்துச் சரித்து நுழைத்தோம்.

இரண்டாவது, பம்போடு குழாயைச் சேர்க்கிற நெளிகிற குழாய்கள். மேலே கம்பிப் பின்னல் போட்ட றப்பர்க் குழாய் அவை. அதிர்வு செப்புக் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கத்தான் அவற்றைப் போடுவது. எங்கள் பம்பில் ஒன்று முறிகிற மாதிரி வளைந்து, தண்ணீரும் சரியாகப் போகாமல், அதிர்வையும் தடுக்காமல் இருந்தது. அதை மாற்றி நேராக்கினார். சில வீடுகளில் நெளிகிற குழாயே போடாமல் செப்புக் குழாயை நேரடியாகப் பூட்டியிருப்பார்கள். அப்படியென்றால் கல் வைத்தும் பெரிய பலன் இராது.

மூன்றாவதுதான் பெரிய கள்ளன். பம்பிலிருந்து குளியலறைக்குப் போகிற செப்புக் குழாயைப் பக்கத்து வீட்டோடு பொதுவான அந்தச் சுவரிலேயே கிளிப் அடித்துப் பூட்டியிருந்தார்கள். குழாய் நடுங்க, சுவர் பாடியது. கிளிப்புகளைக் கழற்றி, உள்ளே றப்பர் வைத்த கிளிப்புகளால் அலுமாரியின் மறுபக்க மரச் சட்டத்தில் குழாயைப் பிடித்துவிட்டார். பலகைக்குள்ளால் குழாய் போகிற ஓட்டைகளில் குழாய்க்குப் போடுகிற பஞ்சுறையைச் சுற்றி, மரத்தில் முட்டாமல் செய்தார்.

அன்று பின்னேரம் மறுபடி பக்கத்து வீட்டில் போய் நின்று கேட்டோம். கிளாசில் தண்ணீர் அசையவில்லை.

முனகல் போய்விட்டது, ஆனால் இடைக்கிடை பம்புக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு கடகடப்பு மிச்சமிருந்தது. ஊரில் தோட்டம் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மண்ணெண்ணெய் மிசினால் இறைக்கும்போது கிணற்றுக்குள் இருக்கிற புட் வால்வு ஒழுகினாலோ, உறிஞ்சுகிற குழாயில் காற்றுப் புகுந்தாலோ மிசின் கத்தும், தண்ணீர் விட்டு விட்டுப் பீறும். தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஒரு போத்தலுக்கு அலைந்த நாளில், காற்று இழுத்து வீணாக ஓடுகிற மிசினைக் கண்டு அப்பா பட்ட வேதனை இன்னும் ஞாபகம். இங்கேயும் அதே நோய்தான், காரணம்தான் கொஞ்சம் வேறு.

தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கிற காற்று குமிழியாக வெளியே வரும். கேத்திலில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்று சிலிண்டரின் உச்சியில் போய்ச் சேரும். சூடு கூடக் கூடக் காற்றும் கூடும். உச்சிக் குழாயிலிருந்தே பம்புக்குத் தண்ணீர் எடுத்தால், காற்றையும் சேர்த்து உறிஞ்சும். சத்தம் மட்டுமல்ல, உள்ளே இருக்கிற சீலும் தேயும். எங்கள் சிலிண்டரின் பக்கத்தில் கட்டியிருந்த சூடு நிறுத்துகிற கருவி 70 பாகைக்கு மேல் வைத்திருந்தது. அதை 60 க்குக் கொண்டுவந்தோம், கடகடப்பு பாதியாகக் குறைந்தது. அதற்குக் கீழே குறைக்காதீர்கள். சேமித்து வைக்கிற சுடுதண்ணீர் 60 பாகைக்குக் குறைந்தால் லெஜியனெல்லா என்ற கிருமி பெருகலாம், அது நுரையீரலைத் தாக்குகிற கிருமி. 60 பாகைத் தண்ணீரும் பிள்ளையின் தோலைச் சுடும் என்பதால் சின்னவர்களைப் பைப்புக்குக் கிட்ட விடாதீர்கள். சிலிண்டருக்குள் மின்சாரச் சூடாக்கி மட்டும் இருந்தால் அதன் சூட்டுக் கருவி மூடிக்குள் மின்சாரக் கம்பிகளோடு இருக்கும். அந்த மூடியை நீங்கள் திறக்க வேண்டாம், மின்சாரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மிச்சப் பாதிக்கு மருந்து, பம்புக்கென்று தனியாகச் சிலிண்டரிலிருந்து குழாய் எடுப்பது. அதற்கு ஏசெக்ஸ் பிளாஞ்ச், சறே பிளாஞ்ச் என்று இரண்டு உறுப்பு இருக்கிறது. முதலாவது சிலிண்டரின் பக்கத்தில் பூட்டுவது, இரண்டாவது உச்சியில் பூட்டுவது. இரண்டும் காற்றுக்குக் கீழே இருக்கிற தண்ணீரை எடுத்துக் கொடுக்கும். இது பிளம்பர் வேலை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அதற்கு மூன்று மாதம் இழுத்தார்.

தண்ணீர் போதாமல் போனாலும் பம்பு கத்தும். தாங்கியிலிருந்து வருகிற குழாயில் சிவப்புச் சில்லு வைத்த வால்வு இருக்கும், அது பாதி பூட்டிக் கிடக்கிறதா பாருங்கள். முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பழைய வால்வு இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், தண்டு முறிந்து போகும். பம்புக்குத் தண்ணீர் நுழைகிற இரண்டு வாயிலும் சின்ன வலை வடி உண்டு. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் அடியில் பார்க்கிற அதே வெள்ளைப் படிவு அந்த வலையிலும் அடைக்கும். பம்பின் மின்சாரத்தைச் சுவரில் உள்ள சுவிச்சில் நிறுத்தி, இரண்டு பக்க வால்வையும் பூட்டி, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு குழாயைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். திரும்பப் பூட்டி வால்வைத் திறந்து, தண்ணீர் நிரம்பிக் காற்று வெளியேறிய பிறகுதான் சுவிச்சைப் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் வறட்டுக்கு ஒரு நிமிடம் ஓடினாலும் சீல் கருகும். ஷவர் தலையையும் இடைக்கிடை வினாகிரியில் ஊறப் போடுங்கள். ஓட்டைகள் அடைபட்டால் பம்பு நிற்பதும் ஓடுவதுமாக இழுபடும்.

ஒரு எச்சரிக்கை. கூரைத் தாங்கியும் சிலிண்டரும் இல்லாமல், சுவரில் தொங்குகிற கொம்பி பொயிலர் உள்ள வீடென்றால் இந்தப் பம்பைப் பூட்டவே கூடாது. தெருக் குழாயிலிருந்து நேரே நிமிடத்துக்கு 12 லீற்றருக்கு மேல் இழுக்கிற பம்பை, தண்ணீர்க் கொம்பனியின் அனுமதி இல்லாமல் பூட்டுவது 1999 ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். "அண்ணை, நான் மலிவாய்ப் பூட்டித் தாறன்" என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரருக்கு இன்னொரு விசயம். இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்ணீர் வருகிற குழாய்களையும் தண்ணீர் சூடாக்குகிற சாதனங்களையும் திருத்தமாக வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. கடிதம் எழுதிக் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களாகக் குழாயை வெட்டாதீர்கள். அயலவர் முறைப்பாடு செய்தாலும் அது கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்குத்தான் போகும். 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களின் கடிதம் வந்தால் மறைக்காமல் பதில் எழுதி, என்ன திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள். எங்களைப்போல் ஒரு கிழமை வாளிக்குள் ஒளிக்க வேண்டாம். கட்டளைக் கடிதமாக வந்த பிறகும் பேசாமல் இருந்தால்தான் வழக்கு வரும்.

எங்கள் வீட்டில் ஷவரைப் பூட்டும்போது வருகிற அந்த டக் சத்தம் மட்டும் இன்னும் முழுக்கப் போகவில்லை. எங்கேயோ பலகைக்குக் கீழே குழாய் மரத்தில் முட்டுகிறது, தரையைக் கிளப்பாமல் பார்க்க முடியாது. கைபிடியை மெல்ல மெல்லப் பூட்டினால் ஒரு டக்கோடு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் கண்டபோது, "ஒன்றுதான் கேட்கிறது, அது வந்தால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரியும்" என்றார். பகிடியாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எங்கள் ஆங்கிலத்துக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து இன்னும் மெல்லப் பூட்டுகிறோம்.

ரெலிபோன் எடுத்த அக்காவுக்கு: அலுமாரியைத் திறந்து முதலில் பம்பின் காலில் ஆணி இருக்கிறதா பாருங்கோ. பிறகு ஆரையாவது ஷவரைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சுவரில் கையை வைத்துப் பாருங்கோ. எங்கே நடுங்குகிறதென்று எங்களுக்குச் சொல்லுங்கோ. அடுத்த முறை மின்சார மீற்றர் வாசிப்பது பற்றி.